தானாகக் கூட்டும் விளக்குமாறு

நான்கு பேர் கூடி ஒரு படம் செய்யப்போகிறோம், யோசனை சொல்லுங்கள் என்று இப்போது யாராவது என்னிடம் வந்தால், முதலில் நால்வரும் ஒருநாள் நன்றாகச் சண்டை போட்டுவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்வேன். எங்கள் குழுவில் சண்டையே வரவில்லை. ஆறு கிழமையாக, அதாவது ஒன்றரை மாதமாக, ஒருவர் மனதை ஒருவர் நோகடிக்காமல் பார்த்துக்கொண்டோம். அந்த மரியாதையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. கண்டி நகரத்துக்குள், ஒரு மருந்துக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்த தனியார் நிலையத்தில் அனிமேஷன் டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தேன். போர் முடிந்து பாதைகள் திறந்துவிட்ட காலம். வகுப்பில் எல்லாப் பக்கத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். கம்ப்யூட்டர்கள் குறைவு, ஒன்றுக்கு இரண்டு பேராக உட்காருவோம். கொழும்பிலிருந்து சனிக்கிழமைகளில் மட்டும் வரும் சேர்தான் எங்களுக்குப் பிரதான ஆசிரியர். அவர் ஆங்கிலத்தில் பேசுவார், பிடிபடாததை நாங்கள் எங்களுக்குள் கேட்டுத் தெரிந்துகொள்வோம்.

இரண்டாம் தவணைக்கு அவர் தந்த வேலை, குழுவாக ஒரு இரண்டு நிமிடப் படம். ஆனால் கம்ப்யூட்டரில் ஒரு கோடு கூடப் போடக்கூடாது, முதலில் திட்டம் வேண்டும் என்றார். திட்டம் என்றால் ஒரு ஃபைல். அதில் கதை ஒரு பந்தியாக இருக்க வேண்டும். கதாபாத்திரத்தை முன்னாலும் பின்னாலும் பக்கவாட்டிலும் வரைந்திருக்க வேண்டும். படம் எப்படிப் போகும் என்பதைக் காட்சி காட்சியாக இருபத்து நான்கு கட்டங்களில் வரைந்த ஸ்டோரி போர்ட் இருக்க வேண்டும். எந்தக் கிழமை யார் என்ன செய்வது என்ற அட்டவணையும் அதற்கடியில் எல்லோருடைய கையெழுத்தும் வேண்டும். ஆறாவது சனிக்கிழமை அதைப் பார்த்து அவர் ஒப்பமிடுவார். ஒப்பம் கிடைக்காத குழு கலைக்கப்படும். அதில் இருந்தவர்கள் மற்றக் குழுக்களுக்குப் பிரிந்துபோய் அங்கே நிறம் பூசுவார்கள். சேர் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்கு அது வெறும் பாடவேலை அல்ல. வகுப்பில் சேருவதற்கு முன்பே அந்தக் கதை என்னிடம் இருந்தது. உண்மையைச் சொன்னால், அதை வரைய வேண்டும் என்பதற்காகத்தான் சேர்ந்தேன்.

என் அம்மா மாநகரசபையில் தெருக்கூட்டும் வேலை செய்தாள். எங்கள் வீடு மஹய்யாவையில், சபையின் சுத்திகரிப்புத் தொழிலாளர் குடியிருப்பில். விடியுமுன் எழுந்து, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, வாவிக்கரை வீதிக்குப் போவாள். தலதா மாளிகையின் பௌத்த ஊர்வலமான பெரஹராவின் கடைசி நாள் முடிந்த மறுநாள் காலையில் அந்த வீதியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மத்தியானத்திலிருந்தே இடம் பிடித்துக் குந்தியிருந்த சனம் விட்டுப்போன பத்திரிகைத் தாள், கச்சான் கடலைக் கோது, சோற்றுப் பார்சல் தாள், எல்லாம் கணுக்கால் அளவுக்குக் கிடக்கும். அம்மா அதைக் கூட்டிக்கொண்டே போவாள். இடையில் தொலைந்த பொருள் ஏதாவது வந்தால், ஒரு பிள்ளையின் ஒற்றைச் செருப்பு, ஒரு மூக்குக் கண்ணாடி, பால் போத்தல், அதைக் குப்பையில் சேர்க்க மாட்டாள். தட்டித் துடைத்து வாவி மதிலின்மேல் வரிசையாக வைத்துவிட்டுப் போவாள். தேடி வருகிறவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். யார் வைத்தது என்று ஒருவரும் கேட்டதில்லை.

சிறுபிள்ளையாக இருந்தபோது ஒருமுறை அவளோடு போய் அந்த வரிசையைப் பார்த்திருக்கிறேன். அதைத்தான் இரண்டு நிமிடமாக வரைய ஆசைப்பட்டேன். என் அம்மாவை ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஆனால் அவள் என் அம்மா என்று மட்டும் ஒருவருக்கும் தெரியக்கூடாது. இந்த இரண்டையும் ஒன்றாக ஆசைப்பட்ட மடைச்சி நான்.

வகுப்பில் யாராவது எங்கே வீடு என்று கேட்டால், ‘கட்டுகஸ்தோட்டை ரோட்டுப் பக்கம்’ என்பேன். பொய்யில்லை. அம்மாவுக்கு என்ன வேலை என்றால், ‘மாநகரசபையில’ என்பேன். அதுவும் பொய்யில்லை. கேட்டவர்கள் அவளை ஒரு மேசைக்குப் பின்னால், கதிரையில் உட்காரவைத்துப் பார்த்துக்கொள்வார்கள். நான் தடுப்பதில்லை.

எங்கள் குழுவுக்குத் தலைவர் தானாகவே அமைந்தார். நகரத்தில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. ஆட்களைச் சமாளிப்பது அவருக்குக் கடையிலேயே பழகிய கலை. இரண்டாவது, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அம்பிட்டியவில் போர்டிங்கில் இருந்த ஒருத்தி. படம் வரைவதில் எனக்குச் சமமானவள், எழுத்து முத்து முத்தாக இருக்கும். மூன்றாவது, கடுகண்ணாவையிலிருந்து ரயிலில் வரும் சிங்களப் பொடியன். கம்ப்யூட்டரில் அவனை மிஞ்ச வகுப்பில் ஆளில்லை. தமிழும் அரைகுறையாக, ஆனால் கூச்சமில்லாமல் பேசுவான். நால்வரும் சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் தலைவருடைய வாப்பாவின் கடைக்கு மேலே, துணிக்கட்டு அடுக்கியிருந்த அறையில் கூடுவோம். கட்டுகளின்மேல் ஏறி உட்கார்ந்து ரோல்ஸும் பிளேன்டீயுமாகத் திட்டமிடுவோம்.

முதல் கிழமை நான் கதையைச் சொன்னேன். ‘ஒரு பொம்பள’ என்று ஆரம்பித்தேன். மதில்மேல் செருப்பு வரிசை வந்தபோது தலைவர் கடித்த ரோல்ஸைக் கீழே வைத்தார். பிறகு பொடியன் “நல்லம், நல்லம்” என்று துணிக்கட்டில் தட்டினான். அன்று வீட்டுக்கு நடந்து போகவில்லை, பறந்தேன் என்றே சொல்லலாம்.

இரண்டாம் கிழமை தலைவர் ஒரு அட்டவணை கொண்டுவந்தார். கிழமைக்கு ஒரு நிறம், ஆளுக்கு ஒரு நிறம். பார்க்க அழகாக இருந்தது. அதைத்தவிர அன்று நடந்ததெல்லாம் பாழ். பொடியன் ரோல்ஸ் வாங்கக் கீழே போன நேரம் பார்த்து, தலைவர் அவன் இறங்கிப்போன படிப்பக்கம் கண்ணைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினார்.

“கதை நல்லாத்தான் ஈக்கு. ஆனா பெரஹரா முடிஞ்ச குப்பையப் படத்துல போட்டா அவருக்கு மனசு கஷ்டமா ஈக்காதா? அவர் வாய் தொறந்து செல்ல மாட்டார். நாங்கதானே பாத்து நடக்கோணும்.”

யாழ்ப்பாணத்தவளும் “ஓம், அது சரிதான். ஏன் வீண் பிரச்சினை?” என்றாள். இருவரும் என்னைப் பார்த்தார்கள். பெரஹராவைப் பற்றி ஒரு சொல் தவறாக என் கதையில் இல்லை. ஆனால் அதை வாதாடப் போனால் பொடியனுடைய மனதை நான் மதிக்கவில்லை என்றாகிவிடும். சரி என்றேன். அவன் ரோல்ஸோடு வந்தபோது, ‘பெரஹராவ எடுத்துட்டோம், சும்மா ஒரு திருவிழா எண்டு வெச்சுக்குவோம்’ என்றார் தலைவர். அவன் ஒரு விநாடி பார்த்துவிட்டு, “சரி, சரி” என்றான்.

எங்களுக்கு இருந்த வியாதி இதுதான். அந்த ஆறு கிழமையில் தனக்காக ஒருவரும் ஒன்றைக்கூட எடுக்கச் சொல்லவில்லை. எல்லாம் மற்றவருக்காக. அதுவும் அந்த மற்றவரைக் கேட்காமல். இந்த ஊரில் நாங்கள் வளர்ந்த விதம் அப்படி. பக்கத்து வீட்டானுக்கு எது நோகும் என்று நாங்களே முடிவுகட்டி, அதைப் பற்றி அவனிடம் வாயே திறக்காமல் இருப்பதற்குப் பெயர் ஒற்றுமை.

மூன்றாம் கிழமை நான் கதாபாத்திரத்தை வரைந்துகொண்டு போனேன். சேலையைத் தூக்கிச் செருகிய ஒரு பெண், நெற்றியில் பொட்டு, தலையில் முடிச்சுப் போட்ட துணி, கையில் உயரமான ஈர்க்கு விளக்குமாறு. தாளைக் கட்டின்மேல் விரித்தேன். இம்முறை பொடியன்தான் தொடங்கினான், மிகவும் தயங்கி, மிகவும் நல்ல மனதோடு.

“இந்த அம்மா தமிழ் நே? ரோட் கூட்டுறது தமிழ் அம்மா போட்டா, பாக்கிற ஆக்கள் உங்களைக் குறைச்சு நினைப்பாங்க. நான் உங்களுக்காகத்தான் சொல்றது.”

“அதைத்தான் நானும் சொல்ல இருந்தனான்” என்றாள் யாழ்ப்பாணத்தவள். “எங்கட ஆக்கள எப்பவும் இப்பிடியே காட்டுறதே? வேற வேலையே இல்லையா எங்களுக்கு?”

‘எங்கட ஆக்கள்’ என்றபோது என்னையும் சேர்த்துக்கொண்டு கையை விரித்தாள். அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போல எனக்கு வந்தது. வேற வேலை இருக்கட்டும், இந்த வேலைக்கு என்ன குறை என்று கேட்டிருக்கலாம். கேட்டால் அடுத்த கேள்வி என் வீட்டு வாசலுக்கு வரும். குனிந்து, பொட்டை அழிறப்பரால் அழித்தேன். சேலை கவுன் ஆனது. பிறகு அவளே தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, ‘தலையில துணி இருந்தா முஸ்லிம் பொம்பிள மாதிரித் தெரியும், அவருக்கு ஒருமாதிரி இருக்கும்’ என்று தலைவரைக் காட்டி மெல்லச் சொன்னாள். தலைத்துணியும் போயிற்று.

வீட்டுக்கு வந்தால் அம்மா தலைத்துணியை அலசிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். “படம் எந்தளவுல இருக்கு?” என்றாள். “போயிக்கிட்டிருக்கு” என்றேன் வெடுக்கென்று. எதற்கு அவள்மேல் பாய்ந்தேன் என்று அவளுக்கும் விளங்கவில்லை.

நான்காம் கிழமை நடந்ததை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. பொட்டில்லை, தலைத்துணியில்லை, கவுன் போட்ட பெண் ஒருத்தி தாளில் நின்றாள். பார்த்தவுடன், ‘இப்ப சிங்களப் பொம்பள மாதிரி இருக்கே, அவன் என்ன நெனைப்பான்?’ என்று சொன்னது யாரென்று நினைக்கிறீர்கள்? நான்தான். என் வாயாலேயே சொன்னேன். அவன் அன்று ரயில் பிந்தி இன்னும் வந்து சேரவில்லை. வியாதி எனக்கும் முற்றிவிட்டிருந்தது.

ஆகவே மனிதரே வேண்டாம், ஒரு அணிலாக வைப்போம் என்று முடிவாயிற்று. அணில் ஒருவருக்கும் சொந்தமில்லை. யாழ்ப்பாணத்தவள் உற்சாகமாகிப் பத்து நிமிடத்தில் ஒரு அணிலை வரைந்தாள், வாலாலே குப்பை கூட்டுகிற மாதிரி. அழகான அணில். தலைவர் அதைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

“முதுகுல மூணு கோடு ஈக்கே. அது உங்கட சாமி கதையில வாரது இல்லையா? சாமி தடவின அணில வெச்சுக் குப்பை கூட்ட வெச்சா உங்கட பெரியவங்க ஒண்டும் செல்ல மாட்டாங்களா?”

கோயிலுக்கு நான் போனது எப்போது என்று எனக்கே ஞாபகமில்லை. இருந்தும் நானும் யாழ்ப்பாணத்தவளும் ஒருவரை ஒருவர் பார்த்து, அவருடைய அக்கறைக்கு நன்றி சொன்னோம். கோடில்லாத அணில் எலி மாதிரி இருந்தது. அணிலும் போயிற்று. அறைக்குக் கீழே கடையில் யாரோ சாரி விரித்துக் காட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அங்கே அந்நேரத்துக்குள் எத்தனை சாரி விலைபோயிருக்கும். நாங்கள் நான்கு சனிக்கிழமையில் ஒரு ஆளை உடுத்தவைக்க முடியாமல் உட்கார்ந்திருந்தோம்.

ஐந்தாம் கிழமை எல்லோருக்கும் அலுத்துவிட்டது. இன்னும் ஒரு சனிக்கிழமைதான் பாக்கி. பொடியன் நேரத்தைப் பார்த்தான், அவனுக்கு ரயிலைப் பிடிக்க வேண்டும். எழுந்து நின்றுகொண்டே சொன்னான்.

“ஆள் எதுக்கு? விளக்குமாறு மட்டும் போதும் நே. அது தானா கூட்டும். செருப்பையும் தானா தூக்கி மதில்ல வைக்கும். அனிமேஷன்தானே?”

மற்ற இருவரும் கைதட்டினார்கள். மூச்சு விட்ட மாதிரி. விளக்குமாற்றுக்கு மதமில்லை, மொழியில்லை, உடுப்பில்லை. அசைப்பதும் லேசு, முகமில்லை, வாயில்லை. தலைவர் அப்போதே அட்டவணையில் ஒரு கிழமையைக் குறைத்தார். நானும் கைதட்டினேனா என்று ஞாபகமில்லை. தட்டியிருப்பேன்.

அந்தக் கிழமை முழுவதும் வீட்டில் குந்தி இருபத்து நான்கு கட்டங்களையும் பென்சிலால் வரைந்தேன். விளக்குமாறு சாய்கிறது, இழுக்கிறது, நிமிர்கிறது, குனிந்து செருப்பைத் தூக்குகிறது. வரைய வரைய எரிச்சல்தான் ஏறியது. ஆனாலும் நன்றாக வரைந்தேன். எனக்கு மோசமாக வரையத் தெரியாது. அதுவும் ஒரு கோளாறு.

ஆறாவது சனிக்கிழமை காலை, பஸ் நிலையத்தில் தலைவரும் யாழ்ப்பாணத்தவளும் எனக்காகக் காத்திருந்தார்கள். ஃபைல் தலைவர் கையில். எங்கள் வகுப்பு இருந்த தெருவுக்குத் திரும்பினோம். மருந்துக் கடைக்கு முன்னால் அம்மா கூட்டிக்கொண்டிருந்தாள்.

அது அவளுடைய தெரு இல்லை. அவளுக்கு வாவிக்கரைதான். அன்று யாரோ லீவு போட்டதால் அங்கே மாற்றியிருந்தார்கள், பிறகுதான் தெரிந்தது. அவள் என்னைக் கண்டாள். என் பக்கத்தில் வருகிறவர்களையும் கண்டாள். நான் என்ன செய்வது என்று யோசிப்பதற்குள் அவளே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். திருப்பிக்கொண்டு, கூட்டின இடத்தையே திரும்பக் கூட்டினாள். யாழ்ப்பாணத்தவள் பேசிக்கொண்டே குவித்திருந்த குப்பையைத் தாண்டிக் காலை வைத்தாள், தண்ணீர்க் குழியைத் தாண்டுகிற மாதிரி. நானும் தாண்டினேன்.

மாடியில் நடைபாதையில் குழுக்கள் வரிசையாக நின்றன. எங்களுக்கு முன்னால் இரண்டு குழு. பொடியன் ஏற்கெனவே வந்திருந்தான். தலைவர் ஃபைலைத் திறந்து கையெழுத்துப் பக்கத்தை நீட்டினார். கதை என்ற இடத்துக்கு நேரே என் பெயர். அதற்கு மேலே யாழ்ப்பாணத்தவள் முத்து முத்தாக ஆங்கிலத்தில் எழுதியிருந்த கதைச் சுருக்கம். ஒரே வசனம். எவருடைய கையும் படாமல் ஒரு நகரம் காலையில் தானாகவே சுத்தமாகிறது.

“நான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்றேன்.

தலைவர் சிரித்தார், பகிடி என்று நினைத்து. பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

“கதையில என் பேர எடுங்க. இது என் கதையில்ல. என் கதையில ஒரு பொம்பள இருந்தா. ஆளாளுக்குச் சேர்ந்து அவள உரிச்சு எடுத்துட்டோம்.” குரல் உயர்ந்துவிட்டது. முன்னால் நின்ற குழு திரும்பிப் பார்த்தது. “கீழ மருந்துக் கடைக்கு முன்னுக்குக் கூட்டிக்கிட்டிருந்தாங்களே, பாத்தீங்களா? பாத்திருக்க மாட்டீங்க. அது எங்கம்மா. நான் வரைஞ்சது அவங்களத்தான்.”

யாழ்ப்பாணத்தவளுக்கு முகம் சிவந்து கண் கலங்கியது. “ஏன் நீங்கள் சொல்லேல்ல? சபையில வேலை எண்டுதானே சொன்னீங்கள். நான் கிளார்க் எண்டு…” என்று நிறுத்தினாள். பொடியன் தலையைச் சொறிந்தான். “எனக்கு அந்தப் பெரஹரா சீன்தான் ரொம்ப ஆசை. எங்க வீட்டு ஆக்களும் பகல்லயே வந்து ரோட்டில இருந்து பாப்பாங்க, பேப்பர் எல்லாம் போட்டுட்டுப் போவாங்க. எதுக்கு எடுத்தது?” என்றான். எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

தலைவர்தான் கடைசியில் சொன்னார், கோபமில்லாமல், வருத்தமாக.

“இத மொதல்லயே செல்லீந்தா நாங்க ஒண்டையும் மாத்தீக்க மாட்டோமே.”

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர் சொன்னது சரி. அவர்கள் என்னைக் கேட்கவில்லை என்று ஆறு கிழமை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டியவள் நான். பொட்டை அழித்த கையும் என் கைதான்.

பொடியன் சட்டைப்பையிலிருந்து ஒரு நீலப் பேனையை எடுத்து என் கையில் திணித்தான். “இன்னும் ரெண்டு குரூப் இருக்கு. அம்மாவப் போடு” என்றான். நடைபாதையில் சப்பணம் கட்டி உட்கார்ந்தேன். ஒவ்வொரு கட்டத்திலும் விளக்குமாறு நின்றுகொண்டிருந்தது. அதைப் பிடிக்கும் கைகளைப் போட்டேன், தோளைப் போட்டேன், சேலையை, தலைத்துணியை, பொட்டைப் போட்டேன். யாழ்ப்பாணத்தவள் பக்கத்தில் இருந்து தாளைப் பிடித்துக்கொண்டாள். தலைவர் நேரம் சொல்லிக்கொண்டிருந்தார். இருபத்து நான்காவது கட்டத்தில் மதில்மேல் செருப்பை வைத்துவிட்டு அவள் திரும்பும்போது எங்களைக் கூப்பிட்டார்கள். கையெழுத்தை அவசரமாகக் கிறுக்கினேன், கதைச் சுருக்கத்தை மாற்ற ஒருவருக்கும் நினைவு வரவில்லை. அந்த இருபது நிமிடம்தான் நாங்கள் குழுவாக இருந்த நேரம் என்று நினைக்கிறேன்.

சேர் ஃபைலைப் புரட்டினார். அட்டவணையைப் பார்த்துத் தலையாட்டினார். கதைச் சுருக்கத்தை வாசித்தார், ஸ்டோரி போர்டைப் பார்த்தார், திரும்பவும் சுருக்கத்தைப் பார்த்தார்.

எவருடைய கையும் படாமல் என்று எழுதியிருக்கிறது, இங்கே ஒரு பெண் நிற்கிறாளே, எது உங்கள் படம் என்று கேட்டார். கேட்டது நியாயமான கேள்வி. பென்சிலில் ஒரு படம், அதன்மேல் நீலப் பேனையில் இன்னொரு படம், தாள் முழுக்க அவசரம். தலைவர் ஏதோ விளக்க முயன்றார். சேர் கையை உயர்த்தி நிறுத்தினார். விளக்குமாறு மட்டும் தனியாக அசைவது நல்ல யோசனை, இந்த வகுப்பிலேயே சுத்தமான யோசனை என்றார். ஆள் வந்து அதைக் கெடுக்கிறாள். ஆளை எடுத்துவிடுவதாகச் சொல்லுங்கள், இப்போதே ஒப்பமிடுகிறேன் என்று பேனையைத் திறந்தார்.

மூவரும் என்னைப் பார்த்தார்கள். ‘சரி’ என்று சொன்னால் போதும். ஆறு கிழமையாக எத்தனையோ சரி சொன்ன வாய். தலைவருடைய கண்ணில் கெஞ்சல் தெரிந்தது. நிறம் நிறமாக அவர் போட்ட அட்டவணை மேசையில் விரிந்து கிடந்தது. அவருக்கும் இது வேண்டியதுதான், எல்லோருக்கும் வேண்டியதுதான்.

“முடியாது சேர்” என்றேன். ஏன் என்றார். “அது எங்கம்மா.”

அவர் கடைசிக் கட்டத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. உன் உணர்ச்சி விளங்குகிறது, ஆனால் உணர்ச்சி வேறு, திட்டம் வேறு என்று மெதுவாகச் சொன்னார். பேனையை மூடினார். தலைவர் இரண்டு கிழமை தவணை கேட்டார், பிறகு ஒரு கிழமை, பிறகு திங்கட்கிழமை வரைக்கும். கடையில் கற்ற பேரம் ஒன்றும் அன்று பலிக்கவில்லை. எங்கள் குழு அந்த மேசைக்கு முன்னாலேயே கலைந்தது. வெளியே வந்ததும் தலைவர் என்னோடு ஒரு சொல்லும் பேசாமல் படியிறங்கினார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருடைய இடத்தில் நானாக இருந்தால் ஏசியிருப்பேன்.

மத்தியானம் வீட்டுக்குப் போனேன். அம்மா வேலை முடிந்து வந்து, குளித்துவிட்டு, வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். காலையில் நடந்ததைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. “கையெழுத்துப் போட்டாங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

“இல்ல.”

“ஏன்?”

“ஒங்கள எடுக்கச் சொன்னாங்க. மாட்டேன்னுட்டேன்.”

விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. படத்தில் இருந்தது அவள் என்று அவளுக்கே நான் சொல்லியிருக்கவில்லை. நான் சொல்லி முடித்ததும் அவளுக்குச் சந்தோஷம் வரும், குறைந்தது கண்ணாவது கலங்கும் என்று எதிர்பார்த்தேன். அவள் கோப்பையை டக்கென்று தரையில் வைத்தாள்.

“ஒனக்கு என்னா பைத்தியமாடி? எடுத்திருக்க வேண்டியதுதானே! நா அதுல நிக்கணும்னு அழுதேனா? இவ்வளவு நாளாக் கண்ணு முழிச்சு வரைஞ்சு, ஒரு கையெழுத்த இப்பிடியா விட்டுட்டு வருவ? என்னைய எடுத்தா யாருக்கு என்னா நட்டம்?”

அவளும் அவர்கள் பக்கம்தான். காலையில் சுவரைப் பார்த்துத் திரும்பினாளே, அதையேதான் இப்போதும் செய்தாள், எனக்காக. ஃபைலை அவள் மடியில் போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். இனி மூன்று மாதம் யாரோ ஒருவருடைய படத்தில் வானத்துக்கு நீலம் பூச வேண்டும். அந்த நினைப்பே கசந்தது.

தாள் புரள்கிற சத்தம் மட்டும் கேட்டது. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் ஸ்டோரி போர்டை வாசிக்க எழுத்துத் தேவையில்லை. முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை பார்த்தாள், திரும்ப முதலிலிருந்து பார்த்தாள். பிறகு கூப்பிட்டாள்.

“இங்க வா. இது நானா?”

“ஆமா.”

“நா இப்பிடியா புடிப்பேன்?”

எழுந்து போய்ப் பார்த்தேன். அவள் தாளில் விரலை வைத்திருந்தாள். வலது கை மேலே, இடது கை கீழே என்று நான் போட்டிருந்தேன்.

“எனக்கு எடது கைதான் மேல. வலது தோள் தூக்க ஏலாம எத்தன வருஷம் ஆச்சு. இப்பிடிப் புடிச்சா ஒரு ரோடுகூடக் கூட்ட முடியாது” என்றாள்.

மூலையிலிருந்த விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு நடு வீட்டில் நின்று, இடது கையை மேலே வைத்துப் பிடித்து, “நல்லாப் பாத்துக்க” என்றாள். நான் பார்த்தேன். பத்தொன்பது வருடம் ஒரே வீட்டில் அவளோடு இருந்திருக்கிறேன். இருபத்து நான்கு கட்டத்திலும் கை தப்பாகவே இருந்தது.